அண்டாவில் விழுந்த பூசணிக்காய்

என் அன்புள்ள சம்பந்திக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் பேரன் தத்தக்கா பித்தக்கா என்று நடக்கிறான். மூக்கு உங்கள் மூக்கு, பிடிவாதமும் உங்களுடையதுதான்.

ஏரிச் செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் பயந்தது நடந்துவிட்டது. நான்கு நாள் அடைமழைக்குப் பிறகு, போன வெள்ளிக்கிழமை பச்சைமலைச் சரிவு மரம் மட்டையோடு ஏரிக்குள் இறங்கியது. தண்ணீர் ஒரே அலையாக எழும்பி எதிர்க்கரைக்கு வந்தது. கரை உச்சி வரை ஏறி, அங்கே நின்ற எங்கள் காலை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. கரை உடையவில்லை. கீழே ஊர் பிழைத்தது.

நம் பிள்ளைகளின் கல்யாணம் நினைவிருக்கிறதா? யுத்த காலம், எல்லோரும் அரிசிக்கு அலைந்த நேரம். மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலிங்கில், கல்லுக்குக் கல் இருந்த இடைவெளியைக் களிமண்ணால் அடைத்து, ஒரு முழத் தண்ணீரைக் கூடுதலாகத் தேக்கியிருந்தோம். நீங்கள் மட்டும் வேண்டாம் என்றீர்கள். உங்கள் நிலம் ஏரிக்கு மேல்புறம். தண்ணீர் ஏறினால் உங்கள் சோளம் மூழ்கும். அதற்குத்தான் இந்த வேஷம் என்று பந்தியிலேயே சொன்னேன்.

நீங்கள் கோபப்படவில்லை. தண்ணீர் தளும்பத் தளும்ப நிறைந்திருந்த அண்டாவில் ஒரு பூசணிக்காயைத் தூக்கிப் போட்டீர்கள். என் பட்டு வேட்டி நனைந்தது. பந்தியே சிரித்தது.

“மலை வெடிச்சுக் கெடக்கு சம்பந்தி. வெடிப்புல கால வுட்டுப் பாத்தேன், முழங்கால் வரைக்கும் போவுது. அது வுழுந்தா ஏரியும் இப்படித்தான். மேல கொஞ்சம் காலியா வுட்டு வைங்க.”

சொன்னது என் காதில் ஏறவில்லை. வேட்டி நனைந்ததுதான் மனதில் நின்றது. இரண்டு வருஷம் உங்களோடு பேசவில்லை. ஆடியில் நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோதும் வாசல் வரை வந்து திரும்பிவிட்டேன். ஏன் திரும்பினேன், சம்பந்தி?

உங்கள் கருமாதி அன்று மகள் கேட்டாள்: “மாமா கேட்டது அது ஒண்ணுதானேப்பா? இந்த மழைக்காச்சும் அந்த மண்ண எடுத்துடுங்களேன்.” அவள் அழுகையை நிறுத்தத்தான் எடுத்தேன், நம்பி எடுக்கவில்லை. தண்ணீரை வீணாக்குகிறான் என்று ஊரே என்னைத் திட்டியது.

இப்போது அதே ஊர், “நீங்க இல்லன்னா நாங்க இல்லீங்க” என்று எனக்கு மாலை போட்டது. வெட்கமில்லாமல் கழுத்தை நீட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மகள் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீதி மலை இன்னும் அங்கேதான் நிற்கிறது. கலிங்கை மறுபடி அடைப்பதா என்று பேச நாளை ஏரிக்கரையில் ஊர்க்கூட்டம். பெரம்பலூர் சந்தையில் தேடி அதே அளவுப் பூசணிக்காய் வாங்கிவிட்டேன். அண்டா வண்டியில் ஏறியாயிற்று. அதைத் தளும்ப நிரப்பி, இது யார் சொன்ன பாடம், யார் கேட்காமல் போனது என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். அதே பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு அண்டாவை ஒட்டி நிற்பேன். சத்தியம். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

உங்கள் மருமகளைப் பெற்றவன்,
நனைந்த வேட்டிச் சம்பந்தி