இடது புருவம்

கச்சிராயபாளையம்
23.8.87

கள்ளக்குறிச்சி ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்க்கும் செந்தமிழ்ச்செல்விக்கு, கச்சிராயபாளையம் மாயவன் எழுதுவது. நான், மகன் பச்சமுத்து, மருமகள் இருசம்மாள், பேத்தி ஜெயசுதா, ரெண்டு மாடு, எல்லோரும் நலம். உன் நலத்தையும் ஸ்டுடியோ நடத்தும் உன் மாமா நலத்தையும் தெரிந்துகொள்ள ஆசை.

இந்தக் கடிதத்தை யார் கையையும் பிடித்துக் கெஞ்சி எழுதி வாங்கவில்லை. நானே எழுதுகிறேன். நேற்று பாதி, இன்றைக்குப் பாதி. போன வாரம் படம் வாங்க வந்தபோது ரசீதில் கைநாட்டு வைக்க மை டப்பாவை எடுத்து நீட்டினாயே, நான் பேனா கேட்டதும் உன் முகம் போன போக்கை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. ஜெரின் வாத்தியார் நடத்தும் சாயங்கால வகுப்பில் எனக்குத்தான் வயது ஜாஸ்தி. இப்போது பஸ்ஸில் போனால் ஜன்னல் ஓரம்தான் உட்காருகிறேன். சுவரில் இருப்பதை எல்லாம் படிக்க வேண்டுமே.

படத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வெல்லம் காய்ச்சும் கொட்டாயில் கொப்பரை விளிம்பில் விழுந்து பாப்பாவுக்கு இடது புருவத்தில் பட்ட தழும்பை எடுக்கச் சொன்னோம். இருந்த இடம் தெரியவில்லை. காது இன்னும் குத்தவில்லை, நீ ஜிமிக்கியே போட்டுவிட்டாய். முகமும் நல்ல வெளுப்பு. இருசம்மாள் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினாள். பாப்பாவிடம் காட்டினோம். அது உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, இந்தப் பாப்பா யாரு?" என்றது. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

உண்மையாகவே எப்படிச் செய்தாய்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. படித்துவிடுவேன்.

அன்புடன்,
மாயவன்
(கையெழுத்துத்தான், நாட்டு இல்லை)


கள்ளக்குறிச்சி
31.8.87

அன்புள்ள தாத்தாவுக்குச் செல்வி வணக்கம்.

இந்த ஸ்டுடியோவுக்கு என் பெயரில் வந்த முதல் கடிதம் உங்களுடையது. மாமா வாங்கிப் பார்த்துவிட்டு, "யாருடி இது, கல்யாணத்துக்குக் கேட்டுக்கினு எழுதறானா?" என்றார். வயதைச் சொன்ன பிறகுதான் கொடுத்தார்.

வேலை ஒன்றும் மந்திரம் இல்லை. படம் எடுக்கும் பிலிமில் எல்லாம் தலைகீழாக இருக்கும். கறுப்பு வெள்ளையாக, வெள்ளை கறுப்பாக. முகத்தை வெளுப்பாக்க வேண்டும் என்றால் பிலிமில் கூர்மையான பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்புவேன். ஜிமிக்கியும் பென்சில்தான். தழும்பு மட்டும் அப்படி இல்லை. புருவத்தில் அது வெள்ளைக் கோடு, அதனால் பிலிமில் கறுப்பாக இருக்கும். அதை பிளேடு முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். கை நடுங்கினால் கண்ணே போய்விடும். உங்கள் பேத்தி முகத்தோடு முழுதாக ரெண்டு நாள் இருந்தேன். தெருவில் எதிரே வந்தால் கூப்பிட்டுப் பேசிவிடுவேன்.

இங்கே சுவர் முழுக்கச் சாலை மறியல் என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் படிக்க நிறைய இருக்கிறது. வந்தால் காபி தருகிறேன்.

இப்படிக்கு,
செல்வி


கச்சிராயபாளையம்
2.10.87

செல்வி அம்மாவுக்கு மாயவன்.

பாப்பாவைக் காணோம்.

இந்த ரெண்டு வார்த்தையை எழுதிவிட்டு ஒரு நாள் வைத்திருந்தேன். எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

மறியல் தொடங்கும் முன்னே இருசம்மாள் பாப்பாவோடு ரிஷிவந்தியத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுக்கு இது மூன்றாம் மாதம், ஒரே வாந்தி. மறியல் முடிந்துவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் திரும்பினாள். தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி நடந்தார்கள். போலீஸ் வேன் வருகிறது என்று சத்தம் கேட்டதும் கூட்டம் ரெண்டு பக்கமும் ஓடியது. இருசம்மாள் மரக்கிளை தடுக்கி விழுந்தாள். எழுந்து பார்த்தால் கையில் பாப்பா இல்லை.

பச்சமுத்துவும் அன்றைக்கு இந்தப் பக்கத்து ரோட்டில் மறியலில்தான் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகளுக்குப் படிப்பில், வேலையில் பங்கு கேட்டு உட்கார்ந்தான். கேட்டது நியாயம்தான் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அவன் அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தால் எடுத்துவிடுகிறான்.

நடந்து போனவர்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். பாப்பாவும் எதிலாவது ஏறியிருக்கும். எந்தப் பக்கம் போன லாரி என்று யாருக்கும் தெரியவில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு ஊர்ப் பெயர் சொல்ல வாய் வராது. கச்சி, கச்சி என்று மட்டும் சொல்லும்.

நீ எடுத்த படத்தைத் தவிர வேறு படம் இல்லை. அதில் நிறைய பிரதி போட்டுக் கொடு. சீக்கிரம்.

மாயவன்


கள்ளக்குறிச்சி
9.10.87

அன்புள்ள தாத்தா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என்னால் உட்கார முடியவில்லை. நான் ஊரில் இல்லாதபோதே உங்கள் மகன் வந்து மாமாவிடம் படங்கள் வாங்கிப் போயிருக்கிறார். போலீசுக்கும் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் விடுதிகளுக்கும் அனுப்பிவிட்டாராம், நோட்டீசும் அடித்துவிட்டாராம்.

தாத்தா, அந்தப் படத்தில் இருப்பது உங்கள் பேத்தி இல்லை. நான் செய்த பிள்ளை. தழும்பு இல்லை, ஜிமிக்கி இருக்கிறது, நிறம் வேறு. அதைப் பார்த்துவிட்டு ஜெயசுதாவைப் பார்ப்பவர்களுக்கு அடையாளம் தெரியாது. பிலிமில் இருந்த பென்சிலை எல்லாம் துடைத்துவிட்டேன். ஜிமிக்கி போய்விட்டது, நிறமும் திரும்பிவிட்டது. சுரண்டியது திரும்பாது. அதனால் புதிய பிரதிகளில் தழும்பை ஞாபகத்திலிருந்து நானே வரைந்திருக்கிறேன். புருவத்தின் நடுவில், வெளிப்பக்கம் சாய்ந்து, முனை சற்றுத் தடித்து. ஞாபகம் தவறாது. இத்துடன் வைத்திருக்கிறேன். முன்பு அனுப்பிய எல்லா இடத்துக்கும் இதைத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

செல்வி


கச்சிராயபாளையம்
1.11.87

செல்வி அம்மாவுக்கு,

படங்கள் வந்தன. பாப்பா மாதிரியேதான் இருந்தது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஆனால் கவரைப் பிரித்ததே இருசம்மாள்தான். முகம் கறுத்து, புருவத்தில் கோடு போட்டு, அவளுக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. "அடிபட்டு செத்த புள்ள மாதிரி கீது மாமா. இத அனுப்பாத. அனுப்புனா அப்பிடியே ஆயிடும்" என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறவள். பச்சமுத்து என்னைப் பார்த்தான். நான் சரி என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் அவள் கோமுகி அணைத் தண்ணீரில் விட்டுவிட்டாள். ஒன்றை மட்டும் நான் மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மலையில் ஒரு பெண் குழந்தை கிடைத்ததாகச் சொன்னார்கள் என்று வெள்ளிமலைக்குப் போனேன். அங்கே மரத்தில் ஒட்டியிருந்த நம் நோட்டீசைக் காட்டிக் கேட்டேன். கடுக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "சினிமாக் கொழந்தை மாதிரி கீது. இப்பிடி ஒண்ணு வந்திருந்தா இந்த மலைக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார். மடியில் இருந்த படத்தையும் எடுத்துக் காட்டினேன். இது ரெண்டும் ஒரே பிள்ளையா என்று கேட்டார். கிடைத்த குழந்தை அவர்கள் ஊரிலேயே வேறு வீட்டுப் பிள்ளை.

இப்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காருவதில்லை. போகிற வழியெல்லாம் 'காணவில்லை, ஜெயசுதா, வயது நான்கு' என்று இருக்கிறது. படிக்காமல் இருக்க முடியவில்லை. கண் தானாகப் போய்ப் படித்துவிடுகிறது.

மாயவன்


கள்ளக்குறிச்சி
10.1.88

அன்புள்ள தாத்தா,

ரெண்டு மாதமாகக் கடிதம் இல்லை. நான் எழுதியதற்கும் பதில் இல்லை. என் மேல் கோபம் என்றால் கோபம் என்றாவது எழுதுங்கள். ஸ்டுடியோவில் பிள்ளைகளின் படம் வந்தால் கை ஓடுவதில்லை. மாமா திட்டுகிறார். ஜெயசுதாவைப் பற்றி ஏதாவது தெரிந்ததா? அது மட்டும் எழுதினால் போதும்.

செல்வி


கச்சிராயபாளையம்
24.1.88

என் மகள் போன்ற செல்விக்கு மாயவன் எழுதுவது.

கோபம் இல்லை. நாங்கள் கேட்டோம், நீ செய்தாய். கேட்டவர்கள் மேலேயும் கோபம் இல்லை. பிள்ளை முகத்தில் தழும்பு வேண்டாம் என்று நினைப்பது ஒரு குற்றமா.

தை பிறந்ததும் கடலோரத்தில் ஒரு ஊருக்குப் போனேன். அனாதைப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் விடுதி அங்கே இருக்கிறது. இதே மாதிரி பல ஊர் போய் வந்துவிட்டேன், அதில் இதுவும் ஒன்று என்றுதான் போனேன். பொறுப்பில் இருந்தது உபகாரமேரி என்ற அம்மாள். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அவருக்கு எதிர்ச் சுவரில் பச்சமுத்து அனுப்பிய படம் ஒட்டியிருந்தது. ஜிமிக்கி போட்ட படம்.

நான் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடித்து மடித்து நடுவில் கிழிந்துவிட்டது. அவர் அதை வாங்கி, கிழிசலைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "பெரியவரே, இத ஏன் முன்னாடியே அனுப்பல?" என்று கேட்டார். குரலில் குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. அழுகிற மாதிரி இருந்தது.

மறியல் முடிந்த வாரம் ஒரு லாரிக்காரர் கொண்டுவந்து விட்டாராம். சுதா என்று பெயர் சொல்லியிருக்கிறது. பெயர் ஒத்துப்போகிறதே என்று சுவரில் இருந்த படத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். தழும்பு இருக்கிறது, காது குத்தவில்லை, இது அது இல்லை என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை. நான் பார்த்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மார்கழியில் காய்ச்சல் வந்து பிள்ளைகள் பலர் படுத்தார்கள். மற்றவர்கள் எழுந்தார்கள். பாப்பா எழவில்லை. ஆஸ்பத்திரியிலும் நாலைந்து நாள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உபகாரமேரி அம்மாள்தான் கூட இருந்தாராம். சவுக்குத் தோப்புக்குள்ளே அழைத்துப் போய் இடத்தைக் காட்டினார். மணல்தான். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். கடைசி பஸ் போய்விடும் என்று அவர்தான் எழுப்பிவிட்டார்.

ஊருக்கு வந்து பச்சமுத்துவிடம் மட்டும் சொன்னேன். மாட்டுக் கொட்டாயில் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டான். பிறகு, "அவளுக்குப் புள்ள பொறக்கட்டும்பா. இப்ப சொன்னா ரெண்டு உசுரும் போயிடும்" என்றான். அதோடு இன்னொன்றும் இருக்கிறது, நாங்கள் ரெண்டு பேரும் வாயால் சொல்லவில்லை. அந்தப் படங்களைத் தண்ணீரில் விட்டது அவள் கை. அதனால்தான் பாப்பா கிடைக்கவில்லை என்பது அவளுக்கு என்றைக்கும் தெரியக்கூடாது. பிள்ளை பிறந்த பிறகும் எப்படிச் சொல்வது என்று எனக்கு வழி தெரியவில்லை.

விடுதியில் சேரும் பிள்ளைகளை எல்லாம் அவர்கள் ஒரு படம் எடுத்து நோட்டில் ஒட்டி வைப்பார்களாம். பாப்பாவின் படத்தை உபகாரமேரி அம்மாள் பிரித்துக் கொடுத்தார். சின்னப் படம், கறுப்பு வெள்ளைதான். யாரும் டச்சிங் செய்யவில்லை. தலை கலைந்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, யார் மேலேயோ கோபமாக நிற்கிறது. கோபம் வந்தால் அப்படித்தான் நிற்கும். இந்த வீட்டில் அதை வைக்க எனக்கு ஒரு மூலை கிடைக்கவில்லை. எங்கே வைத்தாலும் அவள் கைபடும். அதனால் இத்துடன் உனக்கு அனுப்புகிறேன். நீ வைத்துக்கொள். அதில் பென்சில் வைக்காதே.

இருசம்மாள் உன் ஸ்டுடியோவுக்கு வந்து ஜிமிக்கிப் படத்தில் இன்னும் பிரதி கேட்டால் போட்டுக் கொடு. ஒன்றும் சொல்லாதே.

கடைசியாக ஒன்று. தபால்காரர் சைக்கிள் நம் தெருவில் திரும்பினால் இருசம்மாள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். போன வாரம் உன் கடிதம் வந்தபோதும் ஓடினாள். கவரை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, நான் பிரித்துப் படித்து முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னா மாமா, கெடச்சுட்டாளா?" என்று கேட்டாள். ஸ்டுடியோப் பெண் நலம் கேட்டிருக்கிறாள் என்று சொன்னேன்.

எனக்கு வாழ்நாளில் கடிதம் எழுதியது நீ ஒருத்திதான். இனிமேல் எழுதாதே அம்மா.

மாயவன்