புளி டப்பா விளக்கு

என் செல்லத் தம்பி சூசைக்கு,

நேற்றுக் கல்லறைத் திருநாள். வழக்கம்போல் கிள்ளானுக்கு ரயிலேறி வந்து, உன் குழிமேட்டில் புல்லைப் பிடுங்கி மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன். மற்ற வருஷங்களில் உன்னிடம் வாய் ஓயாமல் பேசுவேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் என் சத்தத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். நேற்று ஒரு வார்த்தைகூட வரவில்லை. அக்காவுக்குக் கோபம் என்று நீ நினைத்திருந்தால், சரியாகத்தான் நினைத்திருக்கிறாய்.

வரும் வழியில் ரயிலில் மாரிமுத்து அண்ணனைப் பார்த்தேன். உன் பள்ளிக்கூடத்துப் பியூன். இப்போது வேலையை விட்டுவிட்டார், காப்பாரில் மகள் வீட்டுக்குப் போகிறாராம். எனக்கு எதிரே உட்கார்ந்தார். ரயில் சத்தத்தில் மற்றவர்கள் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். எனக்கு அந்தத் தொல்லை ஏது? அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் சொன்னதுதான் என் வாயைக் கட்டிவிட்டது.

அதைச் சொல்வதற்கு முன் டப்பா கதையைச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் உன் மச்சான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாராம். படிக்கிறவர்களுக்கு நாம் யாரென்று தெரிய வேண்டாமா? கொஞ்சம் பொறுத்துக்கொள்.

சின்ன வயதில் விஷக்காய்ச்சல் வந்து எனக்குக் காது போனது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலையாட்களுக்கு மேஸ்திரி, இங்கே மண்டோர் என்பார்கள். பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் நாம் மூன்று பேர்தான். பேசப் பழகிய பிறகு காது போனதால் பேச்சு எனக்குத் தங்கிவிட்டது, அளவுதான் தெரியாமல் போய்விட்டது. கோயிலில் முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு சாமியார் வரைக்கும் கேட்கும்படி பேசுவேன். நீ பக்கத்தில் நின்று உள்ளங்கையைக் கீழே தாழ்த்திக் காட்டுவாய். அதைப் பார்த்ததும் குரலைக் குறைத்துக்கொள்வேன்.

அப்பா வேலை முடிந்து வந்து கதவைத் தட்டுவார். நான் அடுப்படியில் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். மழையில் நனைந்து, கொல்லைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு அவர் உள்ளே வரும்போது, "இந்த வீட்டுக்கு வர்றதுக்கு ஸ்டேஷன்லயே படுத்துக்கலாம்" என்பார். விளையாட்டாகச் சொல்வதுதான். ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அதை நீ கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாய்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பழைய டார்ச் லைட்டைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தாய். வாசல் நிலையில் ஒரு பித்தளைத் துண்டு. அதை அழுத்தினால் அடுப்படியில் பல்பு எரியும். பேட்டரியும் பல்பும் இருக்க ஒரு டப்பா வேண்டும் என்று கேட்டாய். நான்தான் புளி போட்டு வைத்திருந்த டப்பாவைக் காலி செய்து கொடுத்தேன்.

அந்த டப்பாவைப் பற்றி ரயில்வேக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டி வழியில் நின்றுபோனால், பின்னால் வரும் வண்டியை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வெடிவில்லை வைப்பார்கள். சக்கரம் ஏறினால் படாரென்று வெடிக்கும். அந்த வில்லைகள் வரும் சிவப்பு டப்பாக்கள் காலியானதும், எங்கள் வரிசையில் வீட்டுக்கு வீடு வந்து சேரும். உப்பு, மிளகாய், பொத்தான், ஊசிநூல் எல்லாம் அதில்தான். மேலே ஆபத்து, வெடிமருந்து என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். இங்கிலீஷ் படித்த நீகூட அதைப் படித்ததில்லை. பிறந்ததிலிருந்து உனக்கு அது புளி டப்பா.

பல்போடு கம்பி சேரும் இடம் அடிக்கடி விட்டுப்போனது. கொண்டுவந்தால் ஈயம் வைத்துத் தருகிறேன் என்று உன் விஞ்ஞான வாத்தியார் சொன்னதால் பைக்குள் வைத்து எடுத்துப் போனாய். அன்றைக்குப் பார்த்து அவர் லீவு. வேறொரு வாத்தியார் உன் பையில் கம்பி தொங்குவதைப் பார்த்தார், டப்பாவை வெளியே எடுத்தார், மேலே இருந்ததைப் படித்தார்.

பட்டணத்தில் வெடிகுண்டுப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. அவர்கள் பயந்ததை நான் குற்றம் சொல்லமாட்டேன். பையன்களையெல்லாம் திடலுக்கு விரட்டினார்கள். ஹெட்மாஸ்டர் துரை, மாரிமுத்து அண்ணனைக் கூப்பிட்டு, டப்பாவைத் தூக்கிப்போய்த் தீயணைக்கிற வாளித் தண்ணீரில் போடச் சொன்னார். துரை தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாராம். "கிட்ட வச்சுப் பாத்தா புளி வாசன வருதும்மா. ஆனாலும் கைய நீட்டிப் புடிச்சுக்கிட்டேதான் நடந்தேன். எனக்கும் புள்ள குட்டி இருக்குல்ல" என்று நேற்றுச் சொல்லிச் சிரித்தார் அண்ணன். நானும் சிரித்தேன். சிரிப்பு அதோடு முடிந்தது.

போலீஸ் வந்து டப்பாவைத் திறந்தது. இரண்டு பேட்டரிக் கட்டை, ஒரு பல்பு, ஒட்டிக்கொண்டிருந்த புளி நார். இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டுப் போய்விட்டார். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்தை மூடியாகிவிட்டது, பெற்றவர்கள் அலறியடித்துக்கொண்டு வாசலில் கூடிவிட்டார்கள். இத்தனைக்கும் காரணம் ஒரு புளி டப்பா என்று துரை எந்த முகத்தோடு சொல்வார்? வேண்டுமென்றே மிரட்டத்தான் செய்தாய் என்று சொல்லி, உன் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டார்.

அடுத்த வருஷம் நீ சீனியர் கேம்பிரிட்ஜ் எழுத வேண்டியவன். அதை எழுதிவிட்டால் ரயில்வே ஆபீஸில் கிளார்க், அப்பா மாதிரி வெயிலில் நிற்க வேண்டாம். நம் வீட்டு ஆசை முழுவதும் அந்த ஒரு பரீட்சையில்தான் இருந்தது. அப்பா போய்க் கேட்கப் பயந்தார். டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தது அவர்தானே, ரயில்வேயில் விசாரணை வந்தால் வேலையும் போகும், குவாட்டர்ஸும் போகும். அதனால் நான் கிளம்பினேன். "என் தம்பி யாரையும் மிரட்டல, செவிட்டு அக்காவுக்கு வெளக்கு செஞ்சான், அவ்வளவுதான்னு நானே சொல்றேன் வா" என்று உன்னை இழுத்துக்கொண்டு போனேன்.

துரையின் அறையில் நின்று நான் தமிழில் சொன்னேன், நீ இங்கிலீஷில் சொன்னாய். எவ்வளவு சத்தமாகப் பேசினேனோ தெரியாது. அன்றைக்கு நீ ஒருமுறைகூட உள்ளங்கையைத் தாழ்த்தவில்லை. துரை ஏதோ நீளமாகச் சொன்னார், என்னைக் காட்டினார், கதவைக் காட்டினார். இங்கிலீஷ் உதடு எனக்குப் பிடிபடாது. நீ ஒரே ஒரு வாக்கியம் பதில் சொன்னாய். உன் முகம் வெளுத்திருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, எனக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னாய்.

"துரை சேத்துக்கிறேன்னுட்டாருக்கா. எனக்குத்தான் படிக்க இஷ்டமில்ல. வா, போலாம்."

அந்தத் தெரு முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நாய்க்கு இடம் கொடுத்தாலும் வாலை ஆட்டும், உனக்கு அந்த நன்றிகூட இல்லையே என்றேன். பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டு என் பக்கத்திலேயே நடந்து வந்தாய்.

வீட்டுக்கு வந்ததும், போலீஸ் விட்டுப்போன டப்பாவைக் காயவைத்து, எங்கோ போய் ஈயம் வைத்துக்கொண்டு வந்து விளக்கை மாட்டினாய். அப்பா அழுத்தினால் ஒருமுறை எரியும். நீ அழுத்தினால் மூன்றுமுறை மினுக் மினுக்கென்று எரியும். கோபத்தில் உன்னோடு பேசாமல் இருந்த நாளிலும், அந்த மூன்று மினுக்கலைப் பார்த்ததும் உலையில் இன்னொரு பிடி அரிசி போடுவேன்.

பிறகு நீ கிள்ளான் பக்கம் கேரி தீவுத் தோட்டத்தில் இஞ்சின் கொட்டகை வேலைக்குப் போனாய். மாதம் ஒருமுறை படகேறி, ரயிலேறி வருவாய். மீசை வைத்துக்கொண்டாய், கை முழுக்க எண்ணெய்க் கறை. அந்தத் தீவுக் கொசு உன்னை விடவில்லை. ஒருநாள் மத்தியானம் அடுப்படியில் பல்பு எரிந்தது, அணையவே இல்லை. யாரோ பித்தளைத் துண்டில் விரலை அழுத்தியபடியே நின்றிருக்கிறார்கள். வருவது நீ இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை கழுவாமலேயே போனேன். தந்திக்காரன் நின்றுகொண்டிருந்தான்.

மலேரியாதான் உன்னைக் கொண்டுபோனது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மட்டும் மனசுக்குள், நீ படிக்க மாட்டேன் என்று பிடித்த பிடிவாதம்தான் கொண்டுபோனது என்று சொல்லிக்கொண்டேன். இத்தனை வருஷமும் குழிமேட்டில் புல்லைப் பிடுங்கும்போதெல்லாம், "அன்னைக்கு மட்டும் சரின்னு சொல்லியிருக்கலாம்ல" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்றும் அதைத்தான் மாரிமுத்து அண்ணனிடம் சொன்னேன். "தொர சேத்துக்கிறேன்னாரு, இவன்தான் வேணாம்னுட்டான்" என்றேன்.

"ஒனக்கு அன்னைக்கு நடந்தது தெரியவே தெரியாதாம்மா?" என்றார். "நான் கதவுகிட்டதான் நின்னேன். இத்தன வருசம் வேல பாத்ததுல எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷு புரியும். இந்தப் பொண்ணு நெசமாவே செவிடுதானான்னு நான் எப்படி நம்புறதுன்னு கேட்டாரு தொர. நாளைக்கு எல்லாப் பையனுங்களையும் ஹால்ல நிக்க வச்சு, இவள செவுத்தப் பாத்து நிக்கச் சொல்லு, பின்னால பள்ளிக்கூட மணிய அடிக்கச் சொல்றேன், திரும்பாம நின்னா ஒன்ன சேத்துக்கிறேன்னாரு. அடிக்க வேண்டியவன் நான்தான், என்னையத்தான் காட்டுனாரு."

"தம்பி என்னா சொன்னான்?"

"எங்க அக்கா வேடிக்கைப் பொருள் இல்ல சார்னு சொன்னான். அவ்வளவுதான். ஒன்னக் கூட்டிக்கிட்டு வெளிய போயிட்டான்."

இதைக் கேட்டுவிட்டு நான் எப்படியடா உன்னோடு பேசுவேன்?

மடையா. மணி அடித்தால் எனக்கு என்ன கேட்கப் போகிறது? ஒரு மணி என்ன, கோயில் மணியைக் கழற்றிக் கொண்டுவந்து அடித்தாலும் நான் பாட்டுக்கு நின்றிருப்பேன். திரும்பியிருக்க மாட்டேன். மறுநாள் நீ வகுப்புக்குப் போயிருப்பாய். இன்றைக்கு ரயில்வே ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பாய். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? சுவரைப் பார்த்து நிற்க வேண்டியவள் நானல்லவா?

கிள்ளானிலிருந்து திரும்பும்போது இன்னொன்றும் தோன்றியது. பையன்கள் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்காது. உனக்குக் கேட்டிருக்கும். அந்த ஹாலில் அத்தனை பேருக்கு நடுவில் நின்று நீ கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதுதானா, சூசை? இல்லை, நான் அவமானப்படுவேன் என்று நினைத்தாயா? எதுவாயிருந்தாலும் என்னிடம் சொல்லாமலே போய்விட்டாய். வீடு வந்து சேரும்வரை அழுதேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. வண்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அதனால் வந்திருக்கும்.

வீட்டுச் சேதி சொல்கிறேன். அப்பா நம்மோடுதான் இருக்கிறார், கண் மங்கிவிட்டது. மாரிமுத்து அண்ணன் சொன்னதை அவரிடமும் சொன்னேன். இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டார். குவாட்டர்ஸ் இப்போது உன் மச்சான் பேரில், மின்சாரமும் வந்துவிட்டது, ஆனாலும் அடுப்படியில் உன் டப்பாவைக் கழற்ற நான் விடவில்லை. என் மூத்த மகனுக்கு உன் பெயர்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனும் மூன்றுமுறைதான் அழுத்துகிறான். போன வாரம் டப்பாவைத் திறந்து கம்பியெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டான். அடிக்கக் கை ஓங்கினேன். அப்புறம், "மறுபடி மாட்டத் தெரியுமாடா?" என்று கேட்டேன். மாட்டிவிட்டான்.

வருகிற தை மாதம் உன் பள்ளிக்கூடத்தில்தான் அவனைச் சேர்க்கிறோம். அந்தத் துரை சீமைக்குப் போய்விட்டார், வேறொருவர் வந்திருக்கிறார். அவர் எப்படிப்பட்டவரோ எனக்குத் தெரியாது. ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இவன் செய்கிற எதையும் ஒளித்துவைக்கச் சொல்ல மாட்டேன். அதற்காக என்றைக்காவது என்னைக் கூப்பிட்டு அனுப்பினால், உடனே போவேன். எனக்காக யாரும் பதில் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த ஹாலில் எல்லார் முன்னாலும் சுவரைப் பார்த்து நிற்பேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மணியை அடிக்கட்டும். பிள்ளையை வகுப்பில் உட்காரவைக்கும்வரை நான் திரும்ப மாட்டேன்.

உன்மேல் கோபம் ஆறாத
உன் அக்கா,
ஆரோக்கியம்