அண்ணி இறங்கிய ஏரி

அண்ணி,

மழை பிடித்துக்கொண்டது. அலமாரியைத் திறந்ததும் பூஞ்சை வாடை. அடித்தட்டில், ஸ்காட்லாந்தில் நீங்கள் போட்டிருந்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. நம் தீவு வெக்கையில், இந்த டெலானிபூரில் இதை யார் போடப்போகிறார்கள்? ஆனாலும் உதறிக் காயப்போட்டேன்.

கார் நிகோபாரில் சுனாமி அண்ணனைக் கொண்டுபோன பிறகு நீங்கள் கடலில் கால் நனைத்ததில்லை. தீவில் இருந்துகொண்டு கடலைப் பார்க்காமல் வாழ்வது லேசான காரியமா? பஸ்ஸில்கூடக் கடல் தெரியாத பக்கமாகத்தான் உட்காருவீர்கள். மெயின்லேண்டுக்குக் கப்பலே வேண்டாம் என்பீர்கள். ஆனால் ஒருநாளும் புலம்பியதில்லை. ஆபீஸுக்குப் போனீர்கள்; என் மகனை என்னோடு சேர்ந்து வளர்த்தீர்கள்.

அவன்தான் கிளாஸ்கோவில் வேலை கிடைத்ததும் நம் இருவரையும் அழைத்தான். ஒரு நாள் ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்குக் கூட்டிப்போனான். ‘லாக்’ என்பார்களாம். சுற்றிலும் மலை, சரிவெல்லாம் ஆடுகள், நடுவே கறுத்துக் கிடந்த தண்ணீர்.

"அத்தை, கார்லயே இருக்கீங்களா?" என்று தயங்கினான்.

நீங்களே கதவைத் திறந்து இறங்கிக் கரைக்கு வந்தீர்கள். ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தீர்கள்.

"அரே, உப்பே இல்லடி!"

"நல்ல தண்ணி ஏரி அத்தை."

"இது கடலுக்குப் போகுமா?"

"அந்தக் கோடியில ஒரு ஆறு இருக்கு. அது வழியாப் போகும்."

கொஞ்ச நேரம் அந்தக் கோடியையே பார்த்தீர்கள். பிறகு ஷூவைக் கழற்றினீர்கள்.

"அண்ணி, ஏக்தம் டண்டா! இந்தக் குளிர்ல கால் விறைச்சுப்போயிடும்" என்று கையைப் பிடித்தேன்.

"விடுடி. ஒதுங்கி ஒதுங்கிப் போனது போதும்."

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் ஆழத்தில் போய் நின்றீர்கள். குளிரில் பல் தந்தியடிக்க, அண்ணனிடம் ஏதோ பேசினீர்கள். எனக்குக் கேட்கவில்லை. பின்னால் நானும் கேட்டதில்லை. திரும்பியபோது அழுதிருந்தீர்கள், சிரித்துக்கொண்டும் இருந்தீர்கள். அத்தனை அழகாக உங்களை நான் பார்த்ததே இல்லை.

ஊர் திரும்பியதும் தனியாக ஆட்டோ பிடித்து கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போனீர்கள். உடம்பு முடிந்தவரை ஞாயிறு தவறாமல் போனீர்கள். படுக்கையில் விழுந்தபோது என்னிடம் சொன்னீர்கள்: "என் சாம்பலை கங்கை கங்கைன்னு தூக்கிட்டு அலையாதே. இங்கயே கடல்ல விடு. அவர் இருக்கார்."

அவர் எனக்கும் அண்ணன்தானே. அந்தத் தண்ணீரைக் கண்டால் எனக்கும் பயம்தான், உங்களிடம் சொன்னதில்லை. ஆனாலும் வேறு யாரையும் விடவில்லை. படகின் விளிம்பில் உட்கார்ந்து, அலைக்குள் கையை முழுக்கவிட்டு, நானே உங்களைக் கரைத்தேன், அண்ணி.