சீட்டில் விரித்த கோணி

திருவண்ணாமலை
18-11-1962

அன்புள்ள அப்பாவுக்குத் தருமன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். தங்கவயலில் குளிர் ஆரம்பித்திருக்குமே, உங்கள் இருமல் குறைந்ததா? அம்மாவுக்குக் கால்வலி எப்படி?

ஒரு வேடிக்கை நடந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை. அரிசி மில் முதலாளியின் காரில் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு, பழைய வேனின் டீசல் எஞ்சினைப் பொருத்தும் வேலையை ஷெட்காரர் அருணகிரி என்னிடம் விட்டார். எனக்கு இதுதான் முதல் தடவை. பானெட்டைத் திறந்து மூங்கில் குச்சியால் எல்லாம் அளந்தேன். காருக்குள் மட்டும் அளக்கவில்லை. "சேரிப் பையன் சீட்ல குந்தக் கூடாது" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

எஞ்சின் கச்சிதமாக இறங்கிவிட்டது. ஆனால் கியர் கம்பி, ஓட்டுகிறவர் முழங்காலில் இடிக்கிறது.

"ஏண்டா, ஒரு தபா உள்ள குந்திப் பார்த்தா இன்னா?" என்றார் முதலாளி.

"நீங்கதானே கூடாதுன்னீங்க" என்றேன். அருணகிரி ஒரு கோணியை எடுத்து உதறினார்.

இப்போது சீட்டில் கோணி விரித்து, அதன்மேல் உட்கார்ந்து அளக்கச் சொல்கிறார்கள். நாளைக் காலை உட்காராவிட்டால் வேலை கிடையாது. சுரங்கக் கூண்டில் நீங்கள் எல்லோரும் சாதி பார்க்காமல் தோள் உரச நின்று இறங்குவதை நினைத்துக்கொண்டேன்.

கை துடைக்க உங்கள் பழைய வேட்டி ஒன்று வேண்டும். அனுப்ப வேண்டாம், எடுத்து வையுங்கள். நான் குழிக்குப் போகக் கூடாது என்றுதான் இங்கே அனுப்பினீர்கள். இருந்தாலும் சுரங்க மேஸ்திரியிடம் என் பெயரைச் சொல்லி வையுங்கள்.

தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார்.

தருமன்