சின்ன லூருக்குத் தடி ராடு வாங்கிய அண்ணனுக்கு

என் ஆசை அண்ணா,

ஊரே உன்னை நினைத்து அழுகிறது. எனக்குக் கோபம்தான் வருகிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும், "இன்னாம்மா பண்றது, அவன் தலையில எழுதனது அவ்ளோதான்" என்கிறார்கள். எவன் எழுதினான்? கடைக்கு வந்து, நான் எடுத்துக்கொடுத்த தூண்டில் ராடைத் தள்ளிவிட்டு, வேறொன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனது நீதானே?

இதை உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். என் அண்ணன் குமரேசன் பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சென்னையிலிருந்து வருகிற தூண்டில்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் பக்கம் கொடுவா பிடிக்கப் போவான். அவர்களும் டச்சுக்காரன் கல்லறையில் நின்று நாலு போட்டோ எடுத்துவிட்டு வந்து ஏறுவார்கள். அவர்கள் வீசுவதைப் பார்த்துப் பார்த்து இவனுக்கும் ஆசை வந்தது. சொந்தமாக ஒரு ராடு இருந்தால், வெறுங்கையோடு வருகிறவர்களையும் அழைத்துப் போகலாம் என்று கணக்குப் போட்டான். ஆசையில் தப்பே இல்லை அண்ணா.

நான் பாரிமுனையில் தூண்டில் சாமான் விற்கிற கடையில்தான் வேலை செய்கிறேன். அது தெரிந்துதான் நீ வந்தாய். கோடையில் முகத்துவாரத்தில் பொடி மடவை மீன் ஏறும்போது கொடுவா அதைத்தான் துரத்துகிறது, லூர் என்கிற பொய் மீன் பெரிதாக இருந்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று நீயே சொன்னாய். விரல் நீளத்தில் பிளாஸ்டிக் மீன்களை நீயே பொறுக்கி எடுத்தாய். அதுவரை எல்லாம் சரி. ராடு என்றதும் உனக்குள் இருந்த வலைக்காரன் எழுந்துவிட்டான்.

நான் கொடுத்த ராடு நுனியில் மெல்லியது, பாதிக்குக் கீழே விறைப்பானது. அடிப்பக்கத்தில் எத்தனை கிராம் லூருக்கு என்று எழுதியிருப்பதைக் காட்டினேன். நீ நுனியைத் தரையில் வைத்து அழுத்தினாய். அது வளைந்தது. உடனே சிரித்தாய்.

"இன்னாமே இது, தொடப்பக்குச்சி மாதிரி? கொடுவா ஒரு இழுப்பு இழுத்தா ரெண்டாப் பூடும்."

"ணே, வளையறதுக்குத்தான் அது. சின்ன லூரு நுனியை வளைக்கணும், வளைஞ்ச நுனிதான் லூரைத் தூக்கி வீசும். தடி ராடுக்கு அதும்மேல ஒண்ணு தொங்குதுன்னே தெரியாது. லூரு காலடியிலதான் வுழும்."

"மீனுக்குத் தக்கன கயிறுமே. அதான் எங்களுக்குத் தெரியும். ஊட்ல மீன் ஆயறவளுக்கு ராடைப் பத்தி இன்னா தெரியும்?"

கடையில் எல்லாரும் இருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். ராடை மீனைப் பார்த்து எடுக்கக்கூடாது, லூரைப் பார்த்து எடுக்க வேண்டும் என்று அன்றைக்கு நான் இன்னொரு முறையும் சொன்னேன். உன் காதில் ஏறவில்லை. பெரிய மீனுக்குத் தடித்த கயிறு என்று பிறந்ததிலிருந்து பழகியவனுக்கு எப்படி ஏறும்? இருப்பதிலேயே தடித்ததை, ஆழ்கடலில் சூரை மீனை இழுக்கிற ராடை எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி போனாய்.

அந்த ஞாயிறு உன்னோடு வந்தவர் பிறகு என்னைத் தேடி வந்தார். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் பிழைத்தவர். தண்ணீர் கடலுக்கு இழுக்கிற நேரம், மணல்திட்டு ஓரம் கொடுவா துள்ளியதாம். நீ வீச வீச லூர் பாதி தூரத்திலேயே விழுந்ததாம். ஒவ்வொரு முறையும் "இன்னும் கொஞ்சம் கிட்டப் போலாம் சார்" என்றாயாம். கிட்ட, இன்னும் கிட்ட என்று போய், அலை மடிகிற இடத்தில் படகைக் குறுக்கே கொடுத்தாயாம், அலை அதைக் கவிழ்த்துப் போட்டதாம். அந்த இடத்துக்குப் பக்கத்தில் போகாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நீ! லூர் போய் விழ வேண்டிய தூரத்துக்கு நீ ஏன்டா போனாய்?

அடப்பாவி, கரை ஒதுங்கிய படகில் உன் ஜாக்கெட் பலகைக்கு அடியில் மடித்துச் செருகியபடியே இருந்தது.

சரி, நீ போன பிறகு நடந்ததைக் கேள். காரியம் முடிந்ததும் கோயிலடியில் ஊர் கூடியது. ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று முறை வைத்திருக்கிறோமே, அந்தப் பாடு. உனக்கு ஆண்பிள்ளை இல்லாததால் உன் பாடு பங்காளிக்குப் போய்விட்டது. அதோடு விட்டார்களா? "வலையில்லாத ஊட்ல படகு இன்னாத்துக்கு, அதையும் அவனுக்கே குட்த்துடு" என்றார் தலைவர். அந்தப் படகும் போனால் அண்ணியும் உன் மகளும் எதை வைத்துப் பிழைப்பார்கள் என்று ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

அண்ணிதான் எழுந்தாள். நாலு பேர் முன்னால் அவள் பேசி நீ பார்த்திருக்க மாட்டாய்.

"தூண்டிலுக்குப் பாடு இருக்குதா?" என்றாள்.

"இன்னாம்மா கேக்குற?" என்றார் தலைவர். " பாடு வலைக்குத்தான். டச்சுக்காரன் காலத்துலேர்ந்து அதான் மொறை."

"அப்ப தூண்டிலுக்கு எவன்கிட்டயும் கேக்க வேணாம். அவரு ஓட்டுன ஞாயித்துக்கிழமை சவாரியை நான் ஓட்டிக்கிறேன். படகு எங்க வாசல்லியே கெடக்கட்டும்."

பெண் படகு ஓட்டுவதா என்று கத்தினார்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்துத் தீவில் பிறந்தவள், பள்ளிக்கூடத்துக்கே படகு தள்ளிக்கொண்டு போனவள் அவள். கத்தி ஓயட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாடு இல்லாததைப் பறிக்க முறை இல்லையே, கூட்டம் கலைந்தது.

மறுவாரம் அண்ணி கடைக்கு வந்தாள். உன் ராடு கடலோடு போய்விட்டதால் புதிது வேண்டும். வந்தவள் நேராக எதைத் தொட்டாள் தெரியுமா? அதே தடி ராடை. வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"அதைக் கீழ வெய் அண்ணி! ஒருத்தரை வாரிக் குட்த்தது போதாதா?"

"அவரு இதானே ஆசைப்பட்டு எடுத்தாரு" என்றாள். பிடுங்கி மூலையில் வைத்தேன். மெல்லிய நுனி ராடில் சின்ன லூரைக் கட்டி, கடைக்குப் பின்னால் சந்துக்கு இழுத்துப் போய் வீசச் சொன்னேன். லூர் சந்து முனையைத் தாண்டிப் போய் விழுந்தது. திகைத்துப் போய்ப் பார்த்தாள். நீ எவ்வளவு தள்ளி நின்றிருக்கலாம் என்று அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்து, "இதுல பெரிய மீனு அட்ச்சி, அறுத்துக்கினு பூட்டா?" என்று கேட்டாள்.

"போவட்டும். ஊட்டுக்குத் திரும்பி வர வேண்டியது மீனு இல்ல, நீ."

நேற்று முதல் சவாரி. ஜாக்கெட்டை மாட்டி இறுக்கிக்கொண்டுதான் கயிற்றை அவிழ்த்தாளாம். திட்டுக்கு வெகு தூரத்திலேயே நங்கூரம் போட்டாளாம். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போலாமே" என்று ஒருவர் கேட்டதற்கு, "இங்கேர்ந்தே வீசு சார், போவும்" என்றாளாம். போயிற்று அண்ணா. கொடுவாவும் கிடைத்தது.

உன்மேல் ஆணையாக ஒன்று சொல்கிறேன். தடி ராடைத் தூக்கிப் பார்க்கிற எவனையும், "எந்த லூரு போடப் போற?" என்று கேட்காமல் இந்தக் கடையிலிருந்து அனுப்ப மாட்டேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும், வாசலை மறித்துக்கொண்டு கேட்பேன். ஞாயிறு சாயங்காலம் கரையேறியதும் அண்ணி போன் செய்வாள். அந்தப் போன் வருகிறவரை உன்னைத் திட்டிக்கொண்டே இருப்பேன். வந்த பிறகும் திட்டுவேன், கொஞ்சம் மெதுவாக.

உன் பேச்சைக் கேட்டே வளர்ந்த,
என் பேச்சைக் கேட்காமலே நீ விட்டுப்போன
உன் தங்கச்சி வளர்மதி