ஜெனியின் இடது கன்னம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. கேஸ் புக் பண்ண மறந்தாச்சு.

சாயந்திரம் க்ரெச்சில் ஜெனியைத் தூக்கும்போது பார்த்தேன், இடது கன்னத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ. கிள்ளின மாதிரி. ஆயா செல்வியைக் கேட்டால், "ஒண்ணுமில்லக்கா, பாப்பா சமத்தா வெளாடுச்சு, அழவே இல்ல." தினமும் இதே பாட்டு. இரண்டு வயசுக் குழந்தை ஒரு நாள்கூடவா அழாது?

ஜூலை 10, வியாழன்

மறுபடியும் அதே கன்னம். போட்டோ எடுத்து வீட்டுக்காரர் டேவிட்டுக்கு அனுப்பினேன். திருமுடிவாக்கம் பேக்டரியிலிருந்து, மெஷின் சத்தத்துக்கு நடுவில் போன்: "கொசு கடிச்சிருக்கும். எல்லாரையும் சந்தேகப்படாத." தினமும் ஒரே இடத்திலா கடிக்கும்?

குளிப்பாட்டியதும் போய்விட்டது. காயம் சோப்பில் போகுமா? அப்படியென்றால் எதைத் தடவுகிறார்கள்? வேலையை விட்டுவிடலாமா?

ஜூலை 12, சனி

வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு க்ரெச்சில் வகுப்பு. கட்டாயமாம். பிளாஸ்டிக் நாற்காலி, ஆறின டீ. நடத்துகிற மேடம் சொன்னது: "ஆபீஸ் டென்ஷனை வாசல்லயே விட்டுடுங்க. முகம் கழுவிட்டு, சிரிச்சுக்கிட்டே வாங்க. பிள்ளைங்க உங்க முகத்தைத்தான் பார்க்கும்."

இதற்கு வகுப்பு வேறா? ஆபீசில் திட்டு வாங்கி ரயிலில் அழுதுகொண்டு வந்த நாளெல்லாம், சானடோரியம் ஸ்டேஷனில் முகம் கழுவிக்கொண்டுதானே போகிறேன்.

கன்னத்தைப் பற்றிக் கேட்க எழுந்தேன். "டைம் ஆச்சும்மா, அடுத்த கிளாஸ்ல பேசலாம்." வேண்டுமென்றேதான்.

ஜூலை 14, திங்கள்

பர்மிஷன் போட்டு, சொல்லாமல் மூன்று மணிக்கே போய் நின்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. ஜெனிக்கும்!

செல்வி வெலவெலத்துப் போனாள். "நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, கோச்சுக்குவீங்கன்னுதான்க்கா... மத்த பிள்ளைங்களுக்கு வெச்சா இதுவும் கன்னத்தக் காட்டுது. நீங்க வர்றதுக்குள்ள தொடச்சு விட்டுருவேன்."

வெறும் மை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரமாக என்னென்னவோ நினைத்து உயிரை விட்டேனே.

"இனிமே எதையும் தொடைக்காதீங்க செல்வி. எப்படி இருக்காளோ, அப்படியே குடுங்க."

அவள் ஜெனியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அழுத மூஞ்சியா இருந்தாலுமாக்கா?"