மெதுவாக வைத்த வாரம்

மார்ச் 3
மொட்டைமாடியில் சத்தம் அளக்கும் கருவியை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் அங்கேயே இருக்கும். அளவு வரம்பைத் தாண்டினால், எங்கள் தெருச் சுவரையொட்டிச் சரக்குப் பெட்டிகள் அடுக்குவதைத் துறைமுகம் நிறுத்தியாக வேண்டும்.

அக்கா நர்ஸ். இரவு வேலை, பகல் தூக்கம். தூக்கமில்லாமல், போன வாரம் ஒரு நோயாளிக்கு மருந்தை மாற்றிக் கொடுக்க இருந்தாள். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும்.

மார்ச் 5
"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்டா," என்கிறாள்.
எப்படி?

மார்ச் 6
காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பெட்டி இறங்குகிறது. வழக்கமான இடி இல்லை. குழந்தையைக் கிடத்துவதுபோல் வைக்கிறார்கள்.
கருவி இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அத்தான் அங்கேதான் கிரேன் ஓட்டுகிறார்.

மார்ச் 8
அத்தானிடம் கேட்டேவிட்டேன்.
"என்ன மாப்ள, போலீஸ் மாதிரி? அளக்குறாங்க, பாத்து வைங்கடான்னு மேஸ்திரி சொன்னாரு. வெச்சோம்."
"மேஸ்திரிகிட்ட யார் சொன்னா?"
"உங்க அக்கா தூங்குறாளா இல்லையா?"
இது பதிலா?
"அப்ப எப்பவும் இப்படி வைக்க வேண்டியதுதானே?"
"வெச்சா கப்பல் எப்பக் கிளம்பும்? உன் கல்யாணத்துக்கா?"

மார்ச் 20
முடிவு: வரம்புக்குள்.
இடி போன வாரமே திரும்பிவிட்டது.

ஏப்ரல் 2
அளவெடுக்கும் பொறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்க் கட்டடத்து மாடியில் மறுபடி வைக்கிறாராம். "வீட்லகூட மூச்சு விடாதீங்க." இவரை மட்டும் எதற்கு நம்புகிறேன்?

ஏப்ரல் 6
"மறுபடி அளக்குறாங்களாமே?" சாப்பாட்டுக்கு நடுவில் அத்தான்.
"தெரியாது அத்தான்."
தெரிந்துகொண்டே கேட்டாரா? சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஏப்ரல் 9
அக்கா தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு புரள்கிறாள். அத்தானிடம் சொல்லிவிட்டால் இன்றே தூங்குவாள். சொல்லவில்லை. ஓங்கிப் போடுங்க அத்தான், இன்னும் ஓங்கி — சீ, என்ன மனசுடா இது.

மே 4
வரம்பு மீறல் உறுதி. சுவரோரம் இனிப் பெட்டிகள் இல்லை. அக்கா என் தலையைக் கலைத்துவிட்டாள்.
துறைமுகத்தின் விளக்கம் இரண்டே சொல்: ‘ஓட்டுநர்களின் கவனக்குறைவு.’ மேஸ்திரி பேர் எங்கும் இல்லை. அத்தானை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மே 11
அக்கா தூங்குகிறாள். அத்தான் பகலெல்லாம் வீட்டில். பாத்திரம் கழுவுகிறார், தம்ளர்களைக் கவிழ்ப்பதுகூடக் கேட்பதில்லை.
"மாப்ள, எதிர் மாடியில வெச்சிருந்தாங்களாமே. உனக்குத் தெரியாதுல்ல?" என்றார், அவளை எழுப்பாத குரலில்.